பெரியாயியின் கையும் வாயும்

கதிர்காமநாதன் வைத்தியர் முப்பது வருட வைத்தியத்தில் எந்தப் பெண்ணின் உடம்பையும் தொட்டதில்லை. கடைசிப் பத்து வருடமாகத் தொட்டதெல்லாம் பெரியாயிதான்.

இலங்கை மலைநாட்டில், பதுளைக் கடைத்தெருவின் கடைசியில் இருந்தது அந்த வீடு. முன்னால் மருந்துக்கடை, பின்னால் வைத்தியசாலை. ஆண்கள் முன்வாசலால் வருவார்கள். பெண்களுக்குப் பக்கத்துச் சந்து. சந்துக்கதவைத் திறந்தால் ஓர் அறை, அதன் நடுவில் காவிச் சாயம் போட்ட முரட்டுத் துணித்திரை. திரைக்கு அந்தப் பக்கம் வைத்தியர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார். இந்தப் பக்கம் நோயாளியும் பெரியாயியும். நாடி பார்க்க மட்டும் திரையின் பிளவு வழியாக ஒரு கை வெளியே போகும். அதன் மீதும் மெல்லிய துணி ஒன்று விரித்திருக்கும். மற்ற எல்லாவற்றையும் வைத்தியர் கேட்பார், பெரியாயி பார்த்துச் சொல்வாள்.

"வயிறு?"

"அடிவயிறு மெத்துனு இருக்குங்கய்யா. கட்டி ஒண்ணுமில்ல."

"கழுத்து?"

"பின்னாங்கழுத்து கறுத்துக் கெடக்கு. தேச்சாலும் போகாத கறுப்பு."

"தாடை?"

"முடி ஏழெட்டு. முரட்டு முடி."

"கடைசியா எப்போ வீட்டுக்குத் தூரமா ஒதுங்கினது?"

பெரியாயி நோயாளியின் காதருகே குனிந்து கேட்பாள். பிறகு நிமிர்ந்து, "சித்திரையிலங்க" என்பாள். அப்போது ஆவணி நடந்துகொண்டிருக்கும்.

அவள் சொன்னது அப்படியே நோட்டில் ஏறும். மறு கேள்வி கிடையாது. முப்பது வயது வரை தேயிலை மலையில் கொழுந்து பறித்தவள் அவள். முற்றிய இலையைக் கண்ணால் பார்க்காமலே தடவி ஒதுக்கிவிடும் விரல்கள். புருஷன் காய்ச்சலில் போன பிறகு, தோட்டத்து லயத்துக் குடியிருப்புப் பெண் ஒருத்தியை வைத்தியரிடம் கூட்டி வந்தாள். அவள் வயிற்றில் எங்கே வலி, எங்கே வீக்கம் என்று திரைக்கு இப்பால் நின்று பெரியாயி சொன்ன விதத்தைக் கேட்ட வைத்தியர், "நீ இங்கேயே இருந்துடு" என்றார். இருந்துவிட்டாள். பத்து வருடத்தில் உள்ளங்கைக் காய்ப்பு எண்ணெயில் ஊறி மெழுகாகிவிட்டது. அவள் வாயைத் தம் கண்ணாகவே வைத்தியர் வைத்திருந்தார். அந்தக் கண் ஒரே ஒரு தடவை பொய் பார்த்தது.

ஜவுளிக்கடை சுந்தரலிங்கத்தின் மனைவி விசாலாட்சி 1911 ஆவணியில் வந்தாள். இருபத்துநாலு வயது, கல்யாணமாகி ஐந்து வருடம். இடுப்பு கனத்து, தாடையில் முடி விழுந்து, நாலு மாசத்துக்கு ஒரு தரம், ஐந்து மாசத்துக்கு ஒரு தரம் என்று ஒதுங்கிக்கொண்டிருந்தவள், அந்த வருடம் சித்திரைக்குப் பிறகு ஒதுங்கவே இல்லை. திருநெல்வேலியிலிருந்து மாமியார் கடிதம் எழுதியிருந்தாள்: ஒன்றுவிட்ட தம்பி மகள் இருக்கிறாள், தையில் இரண்டாம் தாரமாக முகூர்த்தம் வைத்துக்கொள்ளலாம்.

சுந்தரலிங்கம் கெட்டவன் இல்லை. முன்வாசலில் வந்து நின்று வைத்தியரிடம் சொன்னான்: "தைக்கு முன்னாடி ஒரு தரமாவது குளிச்சாப் போதும் வைத்தியரே. மருந்து பிடிச்சிட்டுதுன்னு அம்மாவுக்கு எழுதிருவேன்."

வைத்தியர் வைத்தியத்தைத் தொடங்கினார். முதல் ஏழு நாள் மருந்து போட்டுக் காய்ச்சிய நெய், நாளுக்கு நாள் கூட்டி. பிறகு எண்ணெய்த் தேய்ப்பும், மூலிகை ஆவி பிடிக்கும் வேதுவும். உடம்பில் கட்டிக் கிடப்பது உருகி வயிற்றுக்கு வந்துவிட்டது என்று தோன்றும் நாளில் பேதி. பேதிக்குப் பிறகு முதலில் கஞ்சித் தெளிவு, அடுத்து குழைந்த கஞ்சி என்று படிப்படியாகச் சோற்றுக்கு ஏற வேண்டும். அதன் பிறகும் கொள்ளு, குரக்கன் என்ற கேழ்வரகு, பாகற்காய்தான். சீனி, கருப்பட்டி, தயிர், பகல் தூக்கம் எல்லாம் தள்ளி. ஒரு சுற்று முடிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. கார்த்திகையில் இரண்டாம் சுற்று. இந்தத் தரம் பேதிக்கு நேர்வாளம் சேர்த்தார். அது ஒரு கொட்டை. சுத்தி செய்யாமல் கொடுத்தால் ஆளைக் கொண்டுபோய்விடும். சுத்தி செய்து கொடுத்தாலும் குடலை உலுக்கி எடுத்துவிடும். அதற்குப் பிறகு இருபத்தொரு நாள் கொள்ளுத் தண்ணீர் மட்டும்.

மார்கழி பாதியில் ஒரு காலை, முதுகு தேய்த்துக்கொண்டிருந்த பெரியாயியின் கையை விசாலாட்சி திரும்பிப் பிடித்தாள்.

"பெரியாயி, வந்துட்டுன்னு சொல்லிரு."

"என்னம்மா சொல்றீங்க?"

"கொள்ளுத் தண்ணியக் குடிச்சிக் குடிச்சி நான் கனைக்காததுதான் பாக்கி. இன்னும் பன்னிரண்டு நாள்ல தை. உன் வாயால ஒரு சொல்லு. அவ்வளவுதான்."

"பொய்யாம்மா சொல்றது? அய்யாகிட்டயா?"

"திரைக்கு அந்தப் பக்கம் அவருக்கு என்ன தெரியும்?" விசாலாட்சி சிரிக்கப் பார்த்தாள். முகம் கோணியது. "நாளைக்கு அவ வந்து என் அடுப்படியில நிப்பா. நான் எங்க நிக்கது?"

பெரியாயி எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ஒரு சொல்தானே, யாருக்கு என்ன குறை என்று அந்த நேரத்தில் நினைத்தாள். அப்படி நினைத்ததைத்தான் பின்னால் அவளால் மன்னிக்க முடியவில்லை.

திரைக்கு அப்பால் வைத்தியர் செருமிக்கொண்டு உட்கார்ந்த சத்தம் கேட்டது.

"பெரியாயி, எப்படி இருக்கு?"

"ஒதுங்கிட்டாங்கய்யா. இன்னிக்கி விடியக்காலம்."

பேனா கீழே விழுந்தது. வைத்தியர் வாய்விட்டுச் சிரித்து அவள் அதற்கு முன் கேட்டதில்லை. "நேர்வாளம்! நான் நெனச்சேன், பாத்தியா. அந்த அளவுதான் பிடிச்சிருக்கு." பேனாவைத் தேடி எடுத்து, மருந்தின் பெயர், அளவு, நாள் எல்லாவற்றையும் எழுதினார். எழுதும்போது ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டார். பெரியாயிக்கு அந்தக் குரல் காதில் குத்தியது.

விசாலாட்சி வீட்டுக்குப் போய்ப் பின்னறையில் தனிப் பாய், தனித் தட்டோடு மூன்று நாள் உட்கார்ந்தாள். நாலாம் நாள் தலைக்குக் குளித்தாள். சுந்தரலிங்கம் ஊருக்குக் கடிதம் எழுதினான். பெரியாயிக்கு அரக்கு நிறச் சேலை ஒன்று வந்தது. அதை மடிப்புக் கலைக்காமல் பெட்டிக்குள் வைத்தாள். சாகும்வரை அது பெட்டியில்தான் இருந்தது.

கடைத்தெருவில் இந்த மாதிரிச் செய்தி நிற்காது. சுந்தரலிங்கம் வீட்டம்மாவுக்கு வைத்தியர் மருந்து பிடித்துவிட்டதாம் என்று பண்டாரவளைச் சந்தைக்குப் போனது, அங்கிருந்து அப்புத்தளைக்கு ஏறியது, கொஸ்லந்தைக்கு இறங்கியது. சித்திரை பிறப்பதற்குள் சந்து நிறையப் பெண்கள். கடைக்காரர் வீட்டுப் பெண்கள் குடைக்குள் முகம் மறைத்து வந்தார்கள். தோட்டத்துப் பெண்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து குந்தியிருந்தார்கள். எல்லோரும் பெரியாயியிடம் கேட்டது ஒன்றுதான்: "அந்த அம்மாவுக்குக் குடுத்த மருந்தேதான எங்களுக்கும்?"

முதல் சுற்றில் பிடிக்காதவர்களுக்கு வைத்தியர் அதே நேர்வாளத்தைத்தான் கொடுத்தார்.

பாக்கியலெட்சுமி வந்தது ஆவணியில். பண்டாரவளைக்கு மேலே ஒரு தோட்டம். விடியுமுன் நடக்கத் தொடங்கினால் உச்சிக்கு முன்னால் பதுளை. இருபத்திரண்டு வயது, வாய் ஓயாது. தோட்டத்து ஆட்களை மேய்க்கும் மாடசாமிக் கங்காணியிடம் அக்கா கல்யாணம் என்று சொல்லிப் பதினைந்து நாள் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"எனக்கு அக்காவே இல்லக்கா," என்றாள், எண்ணெய்க்கு முதுகைக் காட்டியபடி. "அந்தாளுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்குமா? மீசைய முறுக்கவே பொழுது பத்தாது. எனக்கும் முளைக்குது பாரு, இன்னும் ரெண்டு வருசத்துல நானே கங்காணி."

பெரியாயி சிரித்துவிட்டாள். "சும்மா இரு புள்ள. கடைசியா எப்ப ஒதுங்கின?"

"ஒதுங்குறதா? லயத்துல ஒதுங்க எடம் ஏதுக்கா? ஒத்த ரூம்பு காம்பரா, ஆறு பேரு. வந்தாலும் கொழுந்துக்குப் போகணும், வராட்டியும் கொழுந்துக்குப் போகணும். வந்துச்சா வரலையான்னு எம் புருசனுக்கே தெரியாது." பாயின் கோரையை விரலால் நெருடினாள். "பக்கத்துக் காம்பராவுல புள்ள பொறந்துச்சு. தூக்கலாம்னு கைய நீட்டுனேன். துணியப் போட்டு மூடிட்டாங்க. நான் பாக்கக் கூடாதாம்."

நெய், தேய்ப்பு, வேது, சாதாரணப் பேதி. பதினைந்து நாளில் முதல் சுற்று முடிந்து, குரக்கன் மாவுப் பொட்டலத்தோடு நடந்து போனாள். ஐப்பசியில் திரும்பி வந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இந்தத் தரம் ஒரே நாள் லீவுதான், இருட்டுமுன் திரும்ப வேண்டும்.

வைத்தியர் திரைக்கு அப்பால் நோட்டைப் புரட்டினார். "சுந்தரலிங்கம் வீட்டம்மாவுக்கும் முதல் தரம் பிடிக்கல. நேர்வாளம் கூட்டினதும் பிடிச்சுது. அதே அளவு கட்டித் தர்றேன், வீட்ல வச்சுச் சாப்பிடட்டும். அப்படித்தானே பெரியாயி?"

அந்தக் கேள்வி பெரியாயிக்கு ஒரு கதவு மாதிரி திறந்தது. இல்லைங்கய்யா என்று ஒரு சொல் சொன்னால் போதும். விசாலாட்சியின் அடுப்படி நினைவுக்கு வந்தது.

"ஆமாங்கய்யா," என்றாள்.

சந்துக்கதவில் பாக்கியத்தை நிறுத்தினாள். "சாப்பிட்டா மூணு நாளு படுத்திருக்கணும் புள்ள. கஞ்சித் தெளிவு மட்டுந்தான். எந்திரிக்கவே கூடாது."

"மூணு நாளா? நமக்கு ஞாயித்துக்கெழம ஒரு நாளுதானக்கா." பொட்டலத்தை மடியில் செருகினாள். "அந்த அம்மாவுக்கு ஆனது எனக்கு ஆகாதா? நான் அதவிட முரடு."

அந்தப் பொட்டலத்தைப் பிடுங்கியிருக்கலாம். பாக்கியம் சந்து முனை திரும்பும்வரை பெரியாயி பார்த்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை போனது. திங்கட்கிழமை பெரியாயி மருந்து இடிக்கும்போது உலக்கை இரண்டு முறை உரலுக்கு வெளியே விழுந்தது. புதன்கிழமை மழையில் ஒரு மாட்டுவண்டி சந்து முனையில் வந்து நின்றது. பாக்கியத்தின் புருஷன் ரெங்கசாமி வைக்கோலிலிருந்து அவளைத் தூக்கி வந்தான். கம்பளிக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை.

ஞாயிறு காலை சாப்பிட்டிருக்கிறாள். பொழுது சாயும்வரை வயிறு நிற்கவில்லை. திங்கள் விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டபோது எழுந்து போய் நின்றாள். நிற்காவிட்டால் அன்றைய கூலிக்குப் பேர் விழாது, அடுத்த லீவும் கிடைக்காது. பத்து மணிக்குச் சரிவில் கூடையோடு உருண்டாள். தோட்டத்து மருந்துக்காரர் உப்புத் தண்ணீர் கொடுத்து ஒரு நாள் வைத்திருந்துவிட்டு, எடுத்துப்போ என்றாராம்.

நாலு நாள் பெரியாயி அவள் பக்கத்தை விட்டு நகரவில்லை. மாதுளந்தோல் கஷாயம், உப்புப் போட்ட கஞ்சித் தெளிவு, ஒரு கரண்டி, அரைக் கரண்டி. உதடு வெடித்திருந்தது. உள்ளங்கால் பனிக்கட்டி. அதே கையால்தான் தேய்த்துச் சூடேற்றினாள். நாலாம் நாள் பாக்கியம் கண்ணைத் திறந்து, "கூடை என்னக்கா ஆச்சு?" என்று கேட்டாள்.

பிழைத்துக்கொள்வாள் என்று தெரிந்த அன்று வைத்தியர் ரெங்கசாமியிடம் பேசினார். "மருந்துல கோளாறு இல்லப்பா. பத்தியத்தை மீறிட்டா, அதான். உடம்பு தேறினதும் இன்னொரு தரம் இங்கேயே படுக்க வச்சுக் குடுப்போம். அந்த அம்மாவுக்கு இதே அளவுதான்."

"நீங்க எது செஞ்சாலும் சரிங்க," என்றான் ரெங்கசாமி.

இன்னொரு தரம். பெரியாயி திரையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் சுந்தரலிங்கம் வீட்டுக் கொல்லைப்புறமாகப் போனாள். விசாலாட்சி பின்னறையில் தனிப் பாயில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் தனித் தட்டு. பெரியாயிக்குப் புரியச் சற்று நேரமானது. பத்து மாசமாக இருபத்தெட்டு நாளுக்கு ஒரு தரம், யாருக்கும் சந்தேகம் வராமல், இல்லாத ஒன்றுக்காக அந்தப் பெண் இங்கே வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறாள்.

பெரியாயி நடந்ததைச் சொன்னாள்.

"நான் அய்யாகிட்ட சொல்லிடப் போறேம்மா. உங்ககிட்ட சொல்லாம சொல்ல மனசு வரல."

"சொல்லாதேன்னு நான் எந்த வாயால சொல்ல?" விசாலாட்சி தட்டை ஓரமாகத் தள்ளினாள். "அந்தப் பிள்ளை பேரு என்ன?"

"பாக்கியலெட்சுமி."

"பாக்கியலெட்சுமி," என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "போ பெரியாயி. நின்னா எனக்கு மனசு மாறிரும்."

சந்துப் பக்கம் வந்து, திரைக்கு இப்பால் நின்றபடியே பெரியாயி சொன்னாள். முகம் பார்க்க வேண்டியிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். அப்பால் நாற்காலி கிரீச்சிட்டது.

"எந்தத் தேதி?"

சொன்னாள். தாள்கள் புரளும் சத்தம். பேனா ஒரு கோடு இழுக்கும் சத்தம். பிறகு மறுபடி தாள்கள், ஒவ்வொன்றாக.

"பதினோரு பேருக்கு இந்த அளவு குடுத்திருக்கேன்."

"அய்யா..."

"எத்தனை பேருக்குப் பாக்காமச் சொன்னே?"

"ஒண்ணுதாங்கய்யா. அது ஒண்ணேதான்."

"ஒண்ணுதான்னு நான் எப்படி நம்பறது?" குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே வழி தெரியாமல்தான் கேட்டார். "பத்து வருச நோட்டு. எதை வச்சுக்கிறது, எதை அடிக்கிறது?"

பெரியாயி குனிந்து எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள்.

அவளை அவர் அனுப்பவில்லை. "கை இருக்கட்டும், வாய் வேண்டாம்," என்றார். மறுநாளிலிருந்து கேள்விகளை நேரே நோயாளியிடமே கேட்டார். கூச்சத்தில் அந்தப் பெண்கள் பாதி விழுங்கிச் சொன்னார்கள், சிலர் அழுதார்கள். அவர் பொறுமையாகத் திரும்பத் திரும்பக் கேட்டார். பெரியாயி எண்ணெய் தேய்த்தாள், வேது பிடித்தாள், வாய் திறக்கவில்லை.

அதோடு ஒரு வேலையும் கொடுத்தார். பதினோரு பேரில் பாக்கியம் போக மீதிப் பத்துப் பேர் வீட்டுக்கும் அவளே போய், மிச்சம் இருக்கும் பொட்டலத்தை வாங்கி வர வேண்டும். அப்புத்தளை மேட்டில் ஏறினாள், கொஸ்லந்தைக்கு இறங்கினாள், வண்டியில் போகிறவர்கள் பார்க்கத் தலைகுனிந்து நடந்தாள். நாலு பேர் பொட்டலத்தைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார்கள். மூன்று பேர் சாப்பிட்டு, வாடி, தேறியிருந்தார்கள். இரண்டு பேர், பிடித்தாலும் பிடிக்கும், தரமாட்டோம் என்று சண்டை பிடித்தார்கள். அவள் காலில் விழுந்து வாங்கினாள். கொஸ்லந்தையில் ஒரு வீட்டில் கதவைத் திறக்கவேயில்லை. உள்ளே ஆள் இருந்தது தெரிந்தது. அந்தக் கதவு அவளுக்கு ஆயுசு முழுக்கக் கனவில் வந்தது.

பாக்கியத்திடமும் சொன்னாள். தோட்டத்துக்குத் திரும்பும் நாளில், வண்டியில் ஏறும் முன். பாக்கியம் கேட்டுவிட்டு, வாய் ஓயாத அந்தப் பெண், ஒரு சொல்லும் சொல்லாமல் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். மறுமுறை மருந்துக்கு வந்தபோது அக்கா என்று கூப்பிடவில்லை. வைத்தியர் கேட்டதற்குத் திரைவழியே பதில் சொன்னாள். வைத்தியரும் நேர்வாளத்தை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டு, மலையேறி இறங்குகிற பெண்ணுக்கு எது தாங்கும் என்று யோசித்துக் கொடுத்தார். பேதி இல்லை. கழற்சிக்காய்ப் பொடி, இராத்திரிச் சோற்றுக்குப் பதில் குரக்கன் ரொட்டி, கொள்ளு ரசம், தேத்தண்ணிக்குச் சீனியும் கருப்பட்டியும் கிடையாது. அலுத்துப்போகும் வரை, மாசக்கணக்காக.

விசாலாட்சியைப் பற்றி வைத்தியர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பொய் அவளுக்கு ஒரு தை வாங்கிக் கொடுத்தது; அடுத்த தையை வாங்கிக் கொடுக்கவில்லை. பிள்ளை இல்லையே என்று மாமியார் நேரே கப்பலேறி வந்து, தம்பி மகளைக் கட்டி வைத்துவிட்டுப் போனாள். கல்யாணத்துக்கு மறுமாசம் விசாலாட்சி பின்னறைப் பாயைச் சுருட்டிப் பரணில் போட்டாள் என்று பெரியாயி கேள்விப்பட்டாள். முன்பே உண்மையைச் சொல்லியிருந்தால் மூன்றாம் சுற்றில் அவளுக்கும் ஏதாவது ஆகியிருக்குமோ, ஆகியிருக்காதோ. அதைப் பெரியாயியால் எந்த விரலாலும் தடவிக் கண்டுபிடிக்க முடியவில்லை.

1913 ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்துக்கதவு தட்டப்பட்டது. பாக்கியம். முகம் வற்றி, கண் பெரிதாகி, இடுப்பு இளைத்திருந்தாள். பெரியாயியைப் பார்க்காமல் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"என்னம்மா?" என்றார் வைத்தியர்.

"வந்துருச்சுங்க. வைகாசியில ஒரு தரம். இப்ப திரும்பவும். இன்னிக்கி ரெண்டாம் நாளு."

பேனா தாளில் பட்ட சத்தம் கேட்டது, உடனே நின்றது. பெரியாயி எண்ணெய்த் துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"பெரியாயி."

எட்டு மாசத்தில் திரைக்கு அப்பாலிருந்து அவள் பேர் வந்தது அதுதான் முதல் தடவை.

"நீ என்ன சொல்றே?"

ஆமாங்கய்யா என்று சொல்ல நாக்கு எழுந்தது. பாக்கியத்தின் முகத்தில் பொய் இல்லை, அது யாருக்கும் தெரியும். பெரியாயி அந்தச் சொல்லைப் பல்லுக்குள் நிறுத்திக்கொண்டாள்.

"இன்னும் பாக்கலீங்கய்யா. பாத்துட்டுச் சொல்றேன்."

பாக்கியம் அப்போதுதான் திரும்பி அவளைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. எழுந்து, உள்ளறைக் கதவைத் தானே தள்ளித் திறந்து, "வந்து பாத்துக்க," என்றாள்.

பெரியாயி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு அவள் பின்னால் போனாள். திரைக்கு அந்தப் பக்கம் பேனா எழுதாமல் காத்திருந்தது.